ஓடுகிற தண்ணீர்

நூறு சொம்பு ஊற்றிவிட்டு ஒரு நிமிஷம் கையை உதறிக்கொள்ளலாம் என்று ஹேமாவதி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டிருந்தாள். எழுபதைத் தாண்டியதும் எண்ணிக்கை எங்கேயோ நழுவிவிடுகிறது. எழுபத்திரண்டா எழுபத்தெட்டா என்று சந்தேகம், சந்தேகம் வந்தால் எழுபதிலிருந்தே மறுபடி, ஏமாற்றக் கூடாது, ஏமாற்றினால் மீனுக்குத்தான் நஷ்டம், மீனுக்கு என்றால் அவருக்கு, அவருக்கு என்றால் எனக்கு, மொள்ளு, தூக்கு, ஊற்று. தலைக்கு மேலே தூக்கி ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீர் நுரைக்க வேண்டும். நுரைத்தால்தான் காற்று உள்ளே இறங்கும், காற்று இறங்கினால்தான் மீன் மூச்சுவிடும். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது. தொட்டியின் மோட்டார் நின்றது. நின்ற கால் மணி நேரத்தில் அறுபது மீனும் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. கொல்லைக் கதவைத் திறந்து அந்த வாய்களைப் பார்த்ததும் அவள் சொம்பை எடுத்தாள். கத்திரி தொடங்கி இது ஒன்பதாம் நாள். வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வெயிலைப் பற்றிப் பேசுவதில் ஒரு பெருமை உண்டு, தங்கள் சொந்தச் சொத்து மாதிரி நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு என்பார்கள், வெளியூர்க்காரன் வாயைப் பிளந்தால் திருப்தி. அந்தப் பெருமையெல்லாம் மின்விசிறி சுற்றுகிறவரைதான். தொட்டியில் மிதக்கிற வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தண்ணீர் சூடானால் அதில் காற்று தங்காது, மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும், இரண்டு பக்கமும் இடி, என்று அவர் போன வாரம்கூடச் சொன்னார். அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், தெய்வசிகாமணி. அவர் பன்னிரண்டு மணிக்கு வேலூருக்குக் கிளம்பிப் போனவர். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுபத்தொன்பது, எண்பது.

பாலத்தை நினைக்க வேண்டாம். தொட்டியை நினை. மருந்துக் கம்பெனி ஒன்றில் கழித்துப் போட்ட, இரும்புக் கூண்டு மாட்டிய ஆயிரம் லிட்டர் வெள்ளைத் தொட்டி. அதை எட்டு நாள் கழுவினார்கள், ஒன்பதாம் நாள் மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார்கள். அதற்கு மேலே சாரம் கட்டி, பாதியாய் அறுத்த நீலப் பீப்பாய்கள் மூன்று, அவற்றில் ஜல்லி, ஜல்லியில் செடி. ஒரு கைப்பிடி மண் கிடையாது. மோட்டார் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும், மீனின் கழிவைச் செடிகள் தின்னும், தெளிந்த தண்ணீர் குழாய் வழியாகச் சலசலவென்று திரும்பத் தொட்டியில் விழும். இப்படியே இரவும் பகலும், இந்த நாலு மாதமாக. புதினாவும் வெண்டையும் தெருவுக்கே கொடுக்கிற அளவு வந்தன. பக்கத்து வீட்டு ஷாகிரா அக்கா, மீன் கழிவில் வளர்ந்த கீரையா என்று முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு பிரியாணிக்குப் புதினா கேட்டு மதிலுக்கு மேலே கையை நீட்டினாள். ஆனால் கீரைக்காகவா இதெல்லாம்? ஹேமாவதிக்குக் கீரை கடையில் கிடைக்கும். அவர் காலையில் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார், அதற்காக. ராணிப்பேட்டையில் செருப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசர். தைத்து வந்த ஜோடியைக் கையில் வாங்கினாலே எந்தத் தையல் பிசகியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். கம்பெனியை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரை தூக்கம் கொடுத்தது, தூங்கி எழுந்து மறுபடி சுவர். பிறகு ஒருநாள் போனில் யாரோ ஒருவன் தொட்டியில் மீன் வளர்ப்பதைக் காட்டினான். அதை மூன்று தரம் பார்த்தார். நாலாம் தரம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹேமாவதி சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். இப்போது தினமும் காலையில் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து நாலு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, "மஞ்சள்" என்பார். மஞ்சள் என்றால் தண்ணீர் நல்லது, பச்சை என்றால் விஷம். ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். அடுப்படியிலிருந்து அதைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கும். இன்றைக்கு அந்த வார்த்தை கேட்கவில்லை. திதி வேலையில் மறந்திருப்பார். திதி நாளில் இதையெல்லாம் யார் செய்வார்கள்.

மாமனார் திதி. எட்டரைக்கு ஐயர் வந்தார், பத்துக்குப் போய்விட்டார், இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று வெற்றிலைகூட மெல்லவில்லை. காக்கைக்கு வைத்தார்கள், காக்கை உடனே வந்தது, இந்த வெயிலிலும் அதற்கு இவர்கள் வீட்டு வழி தெரிந்திருந்தது. அவர் இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். அங்கேதான் அவளுக்கு இடித்தது. இடித்தது என்று அப்போது தெரியவில்லை, இப்போது சொம்பும் கையுமாக நிற்கும்போது இடிக்கிறது. பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார். ஒரு வருஷமாக எதையும் கேட்காத மனுஷன். "நல்லா இருக்கு ஹேமா," என்றார். பேரைச் சொல்லிச் சொன்னார். பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று வேலூரில் கிடைக்கிறதாம், கரெண்டு போனால் அது தானே ஓடுமாம், வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தார். வெயில் தாழப் போகலாமே என்றாள். "இப்பவே போயிட்டு வந்துடறேன்," என்றார். வந்துடறேன் என்றுதான் சொன்னார், போறேன் என்று சொல்லவில்லை, அவள் காதால் கேட்டாள். கேட்டாளா? மனுஷ ஜாதி முழுக்க வீட்டைவிட்டுப் போகும்போது வந்துடறேன் என்றுதானே சொல்கிறது. மார்கழியில் எதுவும் சொல்லாமல் போனார். விடியற்காலை அவள் எழுந்து பார்த்தபோது ஃபிரிட்ஜின் மேல் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது, அதில் மூக்குக் கண்ணாடி, மோதிரம், போன். ஏழு மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் கூட்டி வந்து வாசலில் விட்டார். "சார் பாலத்து மேல ரொம்ப நேரமா நின்னுட்டு இருந்தாரும்மா, மனசு கேக்கல, இட்டுனு வந்துட்டேன்." அவர், காத்து வாங்கப் போனேன் என்றார். அவள் காபி கலந்து கொடுத்தாள். அதோடு சரி, அதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை இல்லை, கோயம்புத்தூரில் படிக்கிற மகள் மதுமிதாவுக்குக்கூடத் தெரியாது. எண்பத்தாறு. இல்லை, தொலைந்துவிட்டது. எழுபதிலிருந்து.

"ஹேமா, ஹேமா! உங்களுக்கும் இல்லையா?" மதிலுக்கு மேலே ஷாகிரா அக்காவின் தலை தெரிந்தது, முக்காட்டை நனைத்துப் போட்டிருந்தாள்.

"இல்லக்கா."

"மூலையில ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சிடுச்சாம். நாலு மணி ஆகும்னு சொல்றாங்க. நீ ஏம்மா இந்த வெயில்ல நின்னுட்டு இருக்க? மயக்கம் போட்டு விழப் போற."

"மீனுங்க மூச்சு முட்டுதுக்கா."

"அவர் எங்க?"

"வேலூர் போயிருக்காரு."

"போன் பண்ணி வரச் சொல்லு. இது பொம்பள ஒருத்தி செய்யற வேலையா." அக்கா கீழே மறைந்து, மறுபடி எழும்பி, உறைந்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை மதிலின் மேல் வைத்தாள். "இதைத் தொட்டியில போடு. எங்க ஃபிரிட்ஜும் இனிமே தாங்காது. என்ன, முகமே சரியில்ல உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்தான்."

ஒண்ணுமில்ல என்று ஏன் சொன்னாள்? உன் மகனைப் பாலத்துப் பக்கம் ஒருநடை அனுப்பக்கா என்று வாய்வரை வந்தது. அனுப்பு என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் மார்கழியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும், நாளைக்கு அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், அவருக்குப் புரிந்துவிடும். பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். மீன்கள் அவற்றைச் சுற்றி வந்து வாயைத் திறந்தன. போன் பண்ணு என்கிறாள் அக்கா. பண்ணலாம். பண்ணினால் போன் கூடத்தில் அடிக்கும். சார்ஜரில் போட்டபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை அவள் ஒரு மணிக்கே பார்த்துவிட்டாள், பார்த்தும் பார்க்காத மாதிரி கொல்லைக்கு வந்துவிட்டாள். இப்போது சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள், ஈரக் காலோடு, கூடத்தில் வழுக்கப் பார்த்துச் சமாளித்து. ஃபிரிட்ஜின் மேல் ஒன்றும் இல்லை. கையால் தடவியே பார்த்தாள், தூசுதான் ஒட்டியது. மூக்குக் கண்ணாடி எங்கும் இல்லை, போட்டுக்கொண்டு போயிருக்கிறார், நல்லது. மோதிரம்? பூஜை அலமாரியில், விபூதித் தட்டின் ஓரத்தில் இருந்தது. தர்ப்பை மோதிரம் போடுவதற்காகத் தங்க மோதிரத்தைக் கழற்றுவார், எல்லாத் திதிக்கும் கழற்றுவார், பிறகு போட்டுக்கொள்வார். இன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மறந்திருக்கலாம். போனையும் மறந்திருக்கலாம். ஒரே நாளில் இரண்டையும் மறக்கக் கூடாது என்று சட்டமா என்ன? அவள் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள். அதற்குள் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. வெள்ளை வயிறு. தொட்டால் புரண்டு ஒரு முழம் நீந்தும் என்று நினைத்து விரலால் தொட்டாள், அது புரளவில்லை.

இரண்டு மணிக்குள் ஏழு. ஒவ்வொன்றாய் எடுத்து ஈரச் சாக்கின்மேல் போட்டாள். ஒவ்வொன்றும் கையகலம். விரலளவே இருந்த குஞ்சுகளை நெய்வேலிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், சாவாத குஞ்சு ஒவ்வொன்றையும் எண்ணி இறக்கினார். இது ஏன் இப்படிச் சாகிறது? போன வாரமும் ஒரு மணி நேரம் கரெண்டு போனது, ஒன்றும் ஆகவில்லை. வெயில் அதே வெயில்தான். தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். மேலே ஒரு பளபளப்பு, வெயில் பட்ட இடத்தில் நிறம் நிறமாய் ஓடியது. மோட்டாரில் எண்ணெய் கசிகிறதா? கையில் அள்ளி மோந்தாள். எண்ணெய் வாசனை இல்லை. நெய் வாசனை. நெய் ஏன் மீன் தொட்டியில்? தலை நிமிர்ந்து மேலே பார்த்தாள், ஜல்லிப் பீப்பாயில் கையை விட்டாள். அடிவரை காய்ந்து, வெயிலில் சுட்டது. ஒன்றேகால் மணி நேரத்தில் இவ்வளவு காயாது. அப்படியென்றால் கரெண்டு போகும் முன்னாலேயே மேலே தண்ணீர் ஏறவில்லை, காலையிலிருந்தே ஏறவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு தோள்வரை கையை விட்டு மோட்டாரைத் தூக்கினாள். அதன் வாயில் இருக்கிற சல்லடை முழுக்கப் பசையாய்ச் சோறு. எள்ளு கலந்த சோறு.

சட்டென்று உடம்பு குளிர்ந்தது, நூற்றுப் பத்து டிகிரி வெயிலில். ஐயர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது காதில் வந்தது: "பிண்டத்தை ஓடற தண்ணியில கரைச்சுடுங்கோ." ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஒவ்வொரு வருஷமும் அவர் பாலாற்றுக்குப் போவார், ஆற்றில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் கணுக்கால் அளவு ஓடும். இந்த வருஷம் ஆறு முழுக்க மணல், மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவார்? இங்கே வந்திருக்கிறார். இரவும் பகலும் ஓடுகிற தண்ணீர் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது, அவரே ஓடவிட்டது, அதைவிடச் சுத்தமாய் வேறு எது? அவர் மனசில் அது எப்படி உதித்திருக்கும் என்பது அவளுக்கு அப்படியே தெரிந்தது, அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிறைவுகூட இருந்திருக்கும். அப்பாவுக்கு நம் தண்ணீரில். பைத்தியக்கார மனுஷா, நெய்யும் பாலும் தேனும் பிசைந்த சோற்றை மூச்சுவிடுகிற தண்ணீரில் போடுவார்களா? ஒரு நாளைக்கு எத்தனை குருணைத் தீனி என்று எடை போட்டுப் போடுகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். அப்பா என்று வந்ததும் தெரிந்தது மறந்துவிட்டது. வலையை எடுத்து அடியில் துழாவினாள். மூலையில், சல்லடை இழுக்காத இடத்தில், உருண்டைகள் ஊதிப் போய்க் கிடந்தன. மெதுவாக, கரைந்துவிடாமல், ஒன்றைத் தூக்கி வாழையிலை ஓரத்தில் வைத்தாள். இரண்டு. மூன்று. போதும் என்று வலையை வைக்கப் போனவள் இன்னொரு தரம் துழாவினாள். நாலு.

மூன்றுதான். எப்போதும் மூன்று. அப்பா, தாத்தா, தாத்தாவுக்கு அப்பா. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இருபது திதிக்கு அவள் சோறு வடித்திருக்கிறாள், மூன்றுக்கு மேல் பார்த்ததில்லை. அவர் அம்மா ஆரணியில் பெண் வீட்டில் நன்றாக இருக்கிறாள், நேற்றுக்கூட வத்தல் காய்ந்ததா என்று போன் பண்ணினாள். அப்படியானால் நாலாவது யார்? உடைந்து இரண்டானதாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உடைந்ததில்லை, நாலும் ஒரே அளவு, ஊதியும் வழக்கத்தைவிடச் சிறிசு, நாலும் விரல் பதித்து உருட்டியது. ஐயர் பண்ணச் சொல்லியிருப்பாரோ, யாருமற்றுச் செத்தவர்களுக்கு என்று? ஆனால் ஐயர் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இவள் அப்பளம் பொரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள், தெற்கே பார்த்து உட்கார்ந்த முதுகு தெரிந்தது, கை ஏதோ செய்துகொண்டிருந்தது. அப்பளம் கருகப் போகிறதே என்று திரும்பிவிட்டாள். அப்பளம்! அவள் பெரியப்பா ஒருவர் கயைக்குப் போய்விட்டு வந்து, எல்லார் நடுவிலும் காபியைக் குடித்தபடி, "எனக்கு நானே போட்டுட்டு வந்துட்டேன், பிள்ளை இல்லாதவனுக்கு வேற யார் போடுவாங்க, இனி எவனையும் நம்ப வேண்டியதில்ல," என்று சொல்லிச் சிரித்தார். உயிரோடு இருக்கிறவன் தனக்கே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது சிகாமணிதான். அங்கே போடலாம் மாப்ளே என்றார் பெரியப்பா. அதற்கப்புறம் பெரியப்பா பதினோரு வருஷம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார், அதை நினை, பதினோரு வருஷம். அதை நினைத்தாள். நினைத்து முடித்ததும் அடுத்தது வந்தது, நமக்கும் ஒரே பெண்தான், பிள்ளை இல்லை. பாயசம் இன்னொரு கரண்டி. நல்லா இருக்கு ஹேமா. மோதிரம். போன்.

போக வேண்டும். ஓடிப் போய் முக்கில் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். போகலாம், போனால் தொட்டி நிற்கும், பத்து நிமிஷம் போக பத்து நிமிஷம் வர, மிச்சமிருக்கிற மீன் முழுக்கச் சாக்கில்தான். அவர் பாட்டுக்குக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்து, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆசையாய் வந்து, அறுபதும் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால், நெய்யையும் எள்ளையும் பார்த்தால், தன் கையாலேயே என்று அவருக்குத் தெரிந்தால், இன்றைக்குப் பாலத்துக்குப் போகாதவர் நாளைக்குப் போவார். போகாமலிருக்கலாம், இருந்தால் இங்கே மீனுக்கு மூச்சு ஊற்றிக்கொண்டிருக்கும்போது அங்கே அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இடத்தில் போய் முட்டுகிறது. ஹேமாவதிக்குப் பயமாக இருந்தது. இதுவரை பதற்றம், கவலை, எரிச்சல் என்று வேறு வேறு பேர் வைத்துக்கொண்டிருந்தாள், அது இல்லை, பயம், வெறும் பயம். சல்லடையைக் கழுவி மோட்டாரைத் திரும்பத் தொட்டியில் இறக்கினாள், உருண்டைகளை வாழை மரத்தடியில் குழி பறித்துப் புதைத்தாள், புதைக்கலாமா கூடாதா, யாரைப் புதைக்கிறோம், மண்ணைக் காலால் தள்ளி மூடினாள். பழைய துணி ஒன்றால் தண்ணீரின் மேல் இருந்த நெய்யை ஒற்றி ஒற்றி எடுத்தாள். சொம்பை எடுத்தாள். ஊற்றினாள். கை நிற்காத வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. அசட்டுத்தனம் என்று தெரிந்தது. பத்தாவது படித்தவள், கணக்கில் தொண்ணூறு வாங்கியவள். ஆனாலும் கையை நிறுத்தத் தைரியம் வரவில்லை. தோள் கழன்றுவிடும் போல வலித்தது, இடது கைக்கு மாற்றினாள், இடது கையில் உயரம் வரவில்லை, மறுபடி வலது. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. மீன் செத்தால் எடுத்துப் போட்டாள், எண்ணுவதை விட்டுவிட்டாள். நடுவில் ஒருதரம் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் வந்து, நெருங்கி, வேறு வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டுக்காரி மேல் அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது.

மூன்றரைக்கு மேல் இருக்கும். கொல்லைக் கதவு திறந்தது. அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப் போய், அவர் நின்றார். உயிரோடு நின்றார். அவள் கையிலிருந்த சொம்பு தொட்டியின் இரும்புக் கூண்டில் இடித்து டங்கென்றது.

"இன்னா ஆச்சு?" அவர் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ கிடந்தன.

"போன ஏன் வச்சிட்டுப் போனீங்க?"

"சார்ஜே இல்ல. ரெண்டு கடையில சரக்கு இல்லன்னுட்டான், மூணாவது கடை சாப்பாட்டுக்குப் பூட்டிட்டான், திறக்கற வரைக்கும் உக்காந்து... இன்னாடி ஆச்சு இது?"

"கரெண்டு போச்சு. ஒண்ணே கால்லேருந்து ஊத்திட்டு இருக்கேன்."

"அதுக்கு இத்தினி சாவாதே." அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் கையை விட்டார். விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தார். பிசகிய தையலைத் தேடுகிற அதே விரல். "தண்ணி சரியில்ல. இன்னா போட்ட இதுல?"

ஹேமாவதிக்கு ஒரு நொடிதான் வேண்டியிருந்தது. "நான்தாங்க. திதி சோறு மிச்சம் இருந்துச்சு, மீனுக்குப் போட்டா புண்ணியம்னு அள்ளிப் போட்டுட்டேன். மோட்டார்ல அடைச்சிக்கிச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் போட்டது எங்கே போனது என்று கேட்பார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. முகம் சிவந்தது. "அறிவிருக்கா உனக்கு? இருக்கா அறிவு? நாலு மாசமா தலதலையா அடிச்சிக்கிறேன், குருணை ஒண்ணு சேத்துப் போடாதன்னு! சோத்த அள்ளிப் போட்டாளாம், புண்ணியமாம்! இந்தப் புண்ணியத்த உங்கப்பன் வூட்ல போய் செய்யேன்!" மதிலுக்கு அந்தப்பக்கம் ஷாகிரா அக்காவுக்குக் கேட்டிருக்கும், தெருவுக்கே கேட்டிருக்கும். பதினாலு மாதமாக அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சத்தம் வந்ததில்லை. ஹேமாவதி தலையைக் குனிந்து நின்றாள், திட்டு காதில் விழ விழ நெஞ்சில் ஏதோ இளகி, எங்கே சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். திட்டட்டும், என் அப்பாவை, என் அப்பனுக்கு அப்பனை, எல்லாரையும் திட்டட்டும்.

திட்டியபடியே அவர் பெட்டியைக் கிழித்தார். காற்று மோட்டார் புத்தம் புதிதாக இருந்தது. பேட்டரி காலியாக இருந்தது. எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே பயன்படுத்தவும் என்று ஒரு சீட்டு. அதைப் படித்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, அவள் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி ஊற்ற ஆரம்பித்தார். ஆத்திரத்தில் உயரம் நன்றாக வந்தது, நுரை நன்றாக வந்தது. முப்பது, நாற்பது சொம்பு. ஆத்திரம் மெல்ல இறங்கியது, இறங்க இறங்க முகம் பழைய முகமாயிற்று, கூடத்துச் சுவரைப் பார்க்கிற முகம். அவள் கட்டைவிரலிலிருந்த மோதிரத்தை அவர் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவளைக் கேட்க வைத்தது.

"நாலு இருந்துச்சுங்க," என்றாள்.

சொம்பு தூக்கிய இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றியது.

"நாலாவது யாருக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "சோறு மிச்சம் இருந்துச்சு," என்றார்.

அவள் சொன்ன அதே பொய். இரண்டு பேருக்கும் அகப்பட்டது ஒரே பொய்தான். மிச்சம் ஏது? ஐயர் சொன்ன அளவுக்கு ஓர் உழக்குப் பச்சரிசி, அதை வடித்துக் கொடுத்தவள் அவள். மூன்றுக்குத்தான் கட்டும். நாலும் அத்தனை சிறிதாக இருந்தது அதனால்தான். அப்பாவிடம் கொஞ்சம், தாத்தாவிடம் கொஞ்சம், அவருக்கும் அப்பாவிடம் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளி எடுத்து, தெற்கே பார்த்து உட்கார்ந்து, அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவில், ஒரே அளவாக உருட்டியிருக்கிறார். "சரி," என்றாள் ஹேமாவதி.

வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. மிச்ச மீன்கள் நுரைக்கு அடியில் வந்து கூடியிருந்தன, வாயைத் தூக்கியபடி. அவர் முதுகு வீட்டுப் பக்கம். அவளுக்குத்தான் சமையலறை ஜன்னல் தெரிந்தது, அதில் குழல் விளக்கு இரண்டு தரம் சிமிட்டி எரிந்தது. மின்சாரம் வரும்போது மோட்டார் கருகிவிடக் கூடாது என்று அவள் அதன் சுவிட்சை அணைத்து வைத்திருந்தாள், பத்தடி தூரம், போய்த் தட்டினால் தண்ணீர் தானே ஏறும், தானே விழும். தட்டினால் அவர் சொம்பைக் கீழே வைத்துவிடுவார். வைத்துவிட்டு உள்ளே போவார், கூடத்தில் உட்காருவார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது.

"கரெண்டு வந்துடுச்சா?" என்றார் அவர், திரும்பாமல்.

"அவங்க லைன் வேற. நமக்கு இன்னும் வரல," என்றாள் ஹேமாவதி. ஜன்னலை மறைக்கிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டாள். "நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் உசரத்துலேருந்து ஊத்துங்க."